ஆல்பம் என்றால் ஒரு பாட்டு இல்லை: சுயாதீன இசையைக் கேட்கத் தொடங்குவோருக்கு

"சித்தப்பா, ஆல்பம் விட்டிருக்கேன். கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். திறந்தால் ஒரே ஒரு பாட்டு, மூன்றரை நிமிடம். கடற்கரை, பைக், மழை, கடைசியில் ஒரு பிரிவு. குரல் நன்றாகவே இருந்தது. "மிச்சப் பாட்டெல்லாம் எங்கேடா?" என்று கேட்டேன். "மிச்சமா? இதுதான் ஆல்பம்" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. தமிழில் 'ஆல்பம் பாட்டு' என்றால் சினிமாவில் வராத பாட்டு என்றே ஆகிவிட்டது. ஒரு பாட்டு, ஒரு வீடியோ, முடிந்தது. ஆனால் அன்றைக்கு அவன் இன்னொன்றும் கேட்டான். "வெளிநாட்டுல இண்டி ஆல்பம் வந்தா, அதுக்குப் பின்னாடி ஒரு ஐடியா இருக்குன்னு சொல்றாங்களே. அது என்ன, கதை மாதிரியா?" வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்லத் தொடங்கினேன். நாலு நிமிடம் தாண்டியதும் நிறுத்திவிட்டு, எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அந்தச் சொல். நமக்கு ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம். இசைக்கு இந்தப் பேர் வந்ததும் ஏறக்குறைய அதே வழியில்தான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு நிமிடம்தான் பிடிக்கும். நீளமான இசை வேண்டுமென்றால் ஐந்தாறு தட்டு வாங்கியாக வேண்டும். அவற்றைப் போட்டோ ஆல்பம் போலவே கெட்டி அட்டை பைண்டிங் போட்டு, உள்ளே காகித உறைகள் வைத்து, உறைக்கு ஒரு தட்டாகச் செருகி விற்றார்கள். அந்தப் புத்தகத்துக்குத்தான் ஆல்பம் என்று பேர். 1948-ல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்பி தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடத்துக்கு மேல் அடங்கியது. புத்தகம் போய்விட்டது, பேர் மட்டும் தங்கிவிட்டது.

கல்யாண ஆல்பத்தை நினைத்துப் பாருங்கள். போட்டோகிராபர் இரண்டாயிரம் படம் எடுத்திருப்பார். அதில் நூற்றைம்பதைப் பொறுக்குவார்கள். பெண் அழைப்பு, ஊஞ்சல், முகூர்த்தம், பந்தி என்று ஒரு வரிசை இருக்கும். பந்திப் படம் தாலி கட்டுவதற்கு முன்னால் வந்துவிட்டால் பாட்டி உடனே கண்டுபிடித்துவிடுவாள். எதை எடுத்தோம், எதை விட்டோம், எதற்குப் பிறகு எதை வைத்தோம் என்பதுதான் ஆல்பம். பாட்டுக்கும் அப்படியே.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. உட்டி கத்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் 1940-ல் 'டஸ்ட் பவுல் பாலட்ஸ்' என்ற தொகுப்பைப் பதிவு செய்தார். 1930களில் ஓக்லஹோமா, டெக்சாஸ் பக்கம் மழை பொய்த்து, வயல் மண்ணெல்லாம் புழுதிப் புயலாகக் கிளம்பி, குடும்பம் குடும்பமாகக் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனார்கள். அதைப் பற்றிய பாட்டுகள் அவை. மூன்று மூன்று தட்டாக இரண்டு ஆல்பம் வந்தது. ஆறு தட்டுக்குப் பன்னிரண்டு பக்கம், ஆனால் பாட்டு பதினொன்றுதான். ஒரு பாட்டு நீண்டுபோய் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அதை இரண்டாக வெட்டி இரண்டு பக்கத்தில் போட்டார்கள். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் சாதாரணக் கிடார் பாட்டு. வரிசையாகக் கேட்டால் ஒரு ஊரே மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போவது தெரியும். கான்செப்ட் ஆல்பம், அதாவது ஒரே கருவைச் சுற்றி அமைந்த ஆல்பம் என்று பிற்காலத்தில் சொன்னதற்கு இதைத்தான் முன்னோடி என்பார்கள். ஆக, அண்ணன் மகன் கேட்டானே, கதை மாதிரியா என்று? அதுவும் ஒரு வகை. ஆனால் பழைய வகை. புதிய சுயாதீன ஆல்பங்களில் நடப்பது கொஞ்சம் வேறு.

பட்டா யார் பேரில்?

அதற்கு முன் 'சுயாதீனம்', அதாவது 'இண்டி', என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இதில்தான் குழப்பம் அதிகம். மெல்லிய கிடார், தூங்கி எழுந்த மாதிரி ஒரு குரல், மங்கலான போட்டோ, இதுதான் இண்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பாணி, அவ்வளவுதான். சுயாதீனம் என்பது கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட விஷயம். பதிவு செய்த ஒலிக்கு, அதாவது மாஸ்டருக்கு, யார் சொந்தக்காரர் என்பதே கேள்வி. உலக இசை வியாபாரத்தில் பெரும்பங்கு யுனிவர்சல், சோனி, வார்னர் என்ற மூன்று நிறுவனங்களிடம் இருக்கிறது. பெரிய நிறுவனத்தோடு வழக்கமாகப் போடும் ஒப்பந்தத்தில் முன்பணம் கிடைக்கும், ஸ்டுடியோ கிடைக்கும், விளம்பரம் கிடைக்கும். மாஸ்டர் அவர்கள் பேருக்குப் போகும். முன்பணத்தைக் கலைஞரின் பங்கிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். பாடுபட்டு நட்டவன் ஒருத்தன், பட்டா இன்னொருத்தர் பேரில். இந்த ஏற்பாட்டுக்கு வெளியே, சொந்தக் காசிலோ சின்ன லேபிள் (இசை வெளியிடும் நிறுவனம்) வழியாகவோ வருவதுதான் சுயாதீன இசை. அது கானாவாக இருக்கலாம், ராப்பாக இருக்கலாம், வெறும் இரைச்சலாகக்கூட இருக்கலாம்.

1977 ஜனவரியில் மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்ற குழு, வீட்டாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கைமாற்று வாங்கி, நான்கு பாட்டு கொண்ட ஒரு சின்னத் தட்டைத் தாங்களே வெளியிட்டது. முதலில் அச்சடித்தது ஆயிரம். போகப்போகப் பதினாறாயிரம் விற்றதாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை இல்லை, உறையில் போட்டிருந்த தகவல். இந்தப் பாட்டு எத்தனையாவது தடவை பாடியது, மேலே ஏதாவது சேர்த்தோமா இல்லையா என்று பாட்டுக்குப் பாட்டு எழுதியிருந்தார்கள். மறு ஆண்டு லண்டனில் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற குழு இன்னும் ஒரு படி மேலே போனது. பதிவுக்கு எவ்வளவு, அச்சடிக்க எவ்வளவு, தட்டில் பேர்ச்சீட்டு ஒட்ட எவ்வளவு என்று மொத்தச் செலவையும் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, அதையே உறையாக மடித்துவிட்டது. சமையல்காரர் குழம்போடு சேர்த்து மளிகைச் சீட்டையும் கொடுத்த மாதிரி. பார்க்கிறவனுக்கு, 'இவ்வளவுதானா? அப்படியென்றால் நானும் போடலாமே' என்று தோன்ற வேண்டும். அதுதான் அவர்கள் நோக்கம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்கு யோசனை எங்கிருந்து வந்தது? காசில்லாமையிலிருந்து. இல்லாததை மறைக்காமல் எடுத்து முன்னால் வைத்தார்கள். நான் சொல்லவந்ததே இதுதான். சுயாதீன ஆல்பத்தின் யோசனை பெரும்பாலும் 'எதைப் பற்றிப் பாடினோம்' என்பதில் இருக்காது. 'எதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம்' என்பதில் இருக்கும். கைக்கு எட்டிய அறை, கைக்கு எட்டிய கருவி, கைக்கு எட்டிய நேரம், அதற்குள் ஒரு கட்டுப்பாடு. வெண்பா எழுதுகிறவருக்குத் தளை எப்படியோ, அப்படி.

ஒரு அறை, ஒரு மைக்

இதை ஒரே ஒரு ஆல்பத்தை வைத்துக் கிட்டத்தில் பார்க்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அனகோர்ட்டஸ் என்ற கடலோரச் சிற்றூர். அந்த ஊரைச் சேர்ந்த ஃபில் எல்வெரம் என்றொருவர் மவுண்ட் ஈரி என்ற பேரில் இசை வெளியிடுகிறார். லேபிளும் அவருடையதே. அவர் மனைவி ஜெனவீவ் காஸ்ட்ரே, கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த ஓவியர், காமிக்ஸ் வரைபவர், பாடவும் செய்வார். 2015-ல் அவர்களுக்கு மகள் பிறந்தாள். நான்கு மாதத்தில் ஜெனவீவுக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2016 ஜூலை 9 அன்று வீட்டிலேயே இறந்துபோனார். வயது 35.

அந்த ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, மனைவி உயிர் பிரிந்த அதே அறையில் உட்கார்ந்து எல்வெரம் பதினொரு பாட்டு எழுதிப் பதிவு செய்தார். ஒரு மைக், ஒரு லேப்டாப். கருவிகள் பெரும்பாலும் மனைவியுடையவை. வரிகளை எழுதியதும் மனைவியின் காகிதத்தில். பெரும்பாலும் குழந்தை தூங்கும் நேரத்தில் வேலை, அதனால் எதுவும் சத்தமாக இல்லை. 2017 மார்ச்சில் 'எ குரோ லுக்ட் அட் மீ' என்று வெளியிட்டார். ஒரு காகம் என்னைப் பார்த்தது.

முதல் பாட்டில் ஒரு பார்சல் வருகிறது. இறந்து ஒரு வாரம் கழித்து, இறந்தவரின் பேருக்கே வருகிறது. பிரித்தால் உள்ளே ஒரு முதுகுப்பை. குழந்தை என்றைக்காவது பள்ளிக்கூடம் போகும்போது வேண்டுமே என்று, தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்த தாய் முன்கூட்டியே ஆர்டர் போட்டு வைத்தது. இதைச் சொல்லும்போது குரலில் அழுகை இல்லை, இசையில் ஏற்றம் இல்லை. உவமையும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். மரணம் நிஜம், பாடுவதற்கான விஷயம் இல்லை என்று அந்தப் பாட்டிலேயே சொல்லிவிட்டு, அதைப் பாடவும் செய்கிறார்.

அவர் முந்தைய ஆல்பங்களைக் கேட்டவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. அவற்றில் மலை, பனி, காற்று, மரணம் எல்லாம் குறியீடாக வரும். கிடார் இரைச்சல் மலைபோலக் குவியும். இந்த முறை அத்தனையையும் ஒதுக்கிவிட்டார். குறியீடு கிடையாது, அலங்காரம் கிடையாது, நடந்ததும் தேதியும் மட்டும். அந்த மறுப்புதான் ஆல்பத்தின் யோசனை. இதே பாட்டுகளைப் பெரிய ஸ்டுடியோவில் முப்பது வயலின் வைத்துப் பதிவு செய்திருந்தால் கேட்பவர்கள் கூடியிருப்பார்கள். ஆனால் அந்தப் பார்சல் நம் கைக்கு வந்திருக்காது.

நம் ஊர் ஒப்பாரியோடு இதை ஒப்பிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒப்பாரி நாலு பேர் கூடி, மார்பில் அடித்து, உவமை மேல் உவமையாக அடுக்குவது. இவர் செய்தது அதற்கு நேர் எதிர்.

டேப் உதிர்ந்த கதை

எல்லா யோசனையும் முன்கூட்டியே வருவதில்லை. சில தானாக வந்து விழும்.

கேசட் காலத்து ஆட்களுக்கு இது ஞாபகம் இருக்கும். டேப் ரெக்கார்டரில் பாட்டு மந்தமாகக் கேட்டால், மூடியைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்போம். பஞ்சில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வருமே, அந்தப் பொடிதான் பாட்டு. டேப்பின் மேல் பூசிய இரும்பு ஆக்சைடு. ஒலி பதிந்திருப்பது அதில்தான். அது உதிர்ந்தால் பாட்டும் உதிர்ந்தது என்று அர்த்தம்.

வில்லியம் பசின்ஸ்கி என்ற நியூயார்க் இசைக்கலைஞர் 1980களில் சில டேப் லூப்கள் செய்து வைத்திருந்தார். லூப் என்றால் துண்டு டேப்பின் இரு முனையையும் ஒட்டி வளையமாக்கியது. போட்டால் அதே சில நொடி இசை திரும்பத் திரும்ப வரும். 2001-ல் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பத்திரப்படுத்தலாம் என்று ஓடவிட்டார். பழைய டேப், ஓட ஓடப் பூச்சு உதிரத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் இசையில் ஒரு பொட்டு காணாமல் போனது. அவர் நிறுத்தவில்லை. உதிர்ந்து முடியும்வரை பதிவு செய்துகொண்டே இருந்தார். முதல் துண்டு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். முதல் ஐந்து நிமிடத்தில் எதுவும் மாறாத மாதிரி இருக்கும். நாற்பதாவது நிமிடத்தில் சட்டென்று உறைக்கும், பாதி இசை போயே போய்விட்டது என்று.

அந்த வேலை முடிந்த கையோடு செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. அவர் வீடு புரூக்ளினில். மாடியிலிருந்து அன்று மாலை மன்ஹாட்டன் மேல் எழுந்த புகையைப் படம் பிடித்தார். ஆல்பத்தின் உறைகளில் இருப்பவை அந்தப் படங்கள்தான். 'தி டிஸின்டெக்ரேஷன் லூப்ஸ்' என்ற பேரில் 2002, 2003-ல் நான்கு பகுதியாகச் சொந்த லேபிளில் வந்தது. பத்திரப்படுத்த எடுத்த முயற்சியே அழிவின் பதிவாகிவிட்டது.

இதையே திட்டமிட்டுச் செய்தவர் இங்கிலாந்துக்காரர் லேலண்ட் கிர்பி. தி கேர்டேக்கர் என்ற பேரில் 2016 முதல் 2019 வரை ஆறு கட்டமாக 'எவ்ரிவேர் அட் தி எண்ட் ஆஃப் டைம்' என்ற நெடுந்தொடரை வெளியிட்டார். டிமென்ஷியா என்ற மறதி நோயின் ஆறு நிலைகள்தான் ஆறு கட்டமும். மொத்தம் ஆறரை மணி நேரம். மூலப்பொருள், 1920, 30களின் நடன அரங்கத் தட்டுகள். தொடக்கத்தில் தட்டின் கரகரப்போடு இனிமையான பழைய மெட்டுகள். அடுத்தடுத்த கட்டத்தில் அதே மெட்டு திரும்பி வரும், கொஞ்சம் சிதைந்து. 'எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே' என்று நாம் தடுமாறுவோம். அந்தத் தடுமாற்றத்தை வரவழைப்பதற்காகத்தான் அத்தனை மணி நேரமும். நாலாவது கட்டத்திலிருந்து மெட்டு என்று பிடித்துக்கொள்ள அனேகமாக எதுவும் மிஞ்சாது.

நான் இதை ஒரே மூச்சில் கேட்டு முடித்ததில்லை. ஒரு நோயை இப்படி இசையாக்கிக் காட்டலாமா என்ற சங்கடமும் எனக்கு உண்டு. 2020-ல் டிக்டாக்கில், முழுவதையும் உட்கார்ந்து கேட்க முடியுமா என்று இளைஞர்கள் இதையே ஒரு சவாலாக்கியபோது அந்தச் சங்கடம் இன்னும் கூடியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனத்தில் யாரும் இதற்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒன்று என்று, போகப்போகக் கேட்கவே முடியாதபடி மாறும் ஆல்பத்தை எந்த மார்க்கெட்டிங் மேனேஜர் ஒப்புக்கொள்வார்?

வெளியிடும் விதமும் யோசனைதான்

புதியவற்றில் 2024 மார்ச்சில் வந்த 'டயமண்ட் ஜூபிலி'யைச் சொல்லாமல் போக முடியாது. கனடாவைச் சேர்ந்த பேட்ரிக் ஃப்ளெகல், சிண்டி லீ என்ற மேடை வேடத்தில் செய்தது. 32 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். எங்கோ தூரத்து ரேடியோ ஸ்டேஷன் ராத்திரியில் மங்கலாகப் பிடிபடுவது போல ஒரு ஒலி. அறுபதுகளின் பெண்குழுப் பாட்டு, கிடார், எதிரொலி. ஆனால் பேச்சாகிப்போனது அது வந்த விதம். ஸ்பாட்டிஃபையில் இல்லை, ஆப்பிளில் இல்லை. யூடியூபில் முழு ஆல்பமும் ஒரே நீள வீடியோவாக இருந்தது. இன்னொரு பக்கம், தொண்ணூறுகளில் பார்த்த மாதிரி பழைய பாணி இணையப் பக்கம் ஒன்று. அதில் பாட்டுக் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம், விருப்பமிருந்தால் 30 கனடிய டாலர் அனுப்பலாம். அவ்வளவுதான். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இதழ் பத்துக்கு 9.1 கொடுத்த பிறகு ஊரெல்லாம் தேடியது. தேடியவர்கள் அந்த யூடியூப் வீடியோவுக்கோ பழைய பக்கத்துக்கோதான் வரவேண்டியிருந்தது.

இதில் என்ன யோசனை என்று கேட்டால், ஸ்ட்ரீமிங் கணக்கைப் பார்க்க வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை முப்பது நொடி கேட்டால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதனால் முன்னிசை சுருங்கி, குரல் சீக்கிரம் வந்துவிடுகிறது. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசு கிடையாது என்றும் விதி வந்தது. அந்தத் தளத்துக்கு வேண்டியது பாட்டுதான், ஆல்பம் இல்லை. ஃப்ளெகல் செய்தது அதற்கு மறுப்பு. துண்டு துண்டாகத் தரமாட்டேன், வந்தால் முழுப் பந்திக்கும் உட்கார் என்பது மாதிரி. பிறகு பேண்ட்கேம்ப் தளத்திலும் வந்தது, தட்டாகவும் வந்தது. அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

பேண்ட்கேம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-ல் தொடங்கிய தளம். கலைஞர் தானே விலை வைத்து விற்கலாம். டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும். சுயாதீன ஆல்பம் தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. பெரும்பாலும் வாங்குவதற்கு முன் முழுவதையும் கேட்கலாம். எங்கே, எப்போது, எதை வைத்துப் பதிவு செய்தோம் என்று கீழே எழுதியும் இருப்பார்கள்.

அந்தக் குறிப்பை அப்படியே நம்பிவிடவும் கூடாது. யோசனை என்பது வியாபாரத் தந்திரமாகவும் இருக்கும். சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2003-ல் மிச்சிகன் மாநிலத்தைப் பற்றி ஒரு ஆல்பம், 2005-ல் இல்லினாய் பற்றி ஒன்று என்று வெளியிட்டு, ஐம்பது மாநிலத்துக்கும் செய்யப்போவதாகச் சொன்னார். இரண்டோடு நின்றது. விளம்பரத்துக்காகச் சொன்னதுதான் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். இரண்டும் அருமையான ஆல்பங்கள், அது வேறு விஷயம். நான் வைத்திருக்கும் சோதனை எளிது. குறிப்பைப் படிக்காமல் முதலில் கேட்பேன். யோசனை காதில் விழுகிறதா என்று பார்ப்பேன். படித்தால்தான் தெரிகிறது என்றால், அது உறைக்கு எழுதிய யோசனை, இசைக்கு இல்லை.

நம் பக்கம்

தமிழில் சினிமா ஆலமரம். அதன் நிழலில் எதுவும் சுலபமாக முளைக்காது. ஆனால் முளைக்கவே இல்லை என்று சொல்லக் கூடாது. சினிமாவுக்குள்ளேயே இருந்த இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' செய்தார். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கிற்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். கீர்த்தனையும் ஐரோப்பியப் பல்குரல் இசையும் ஒரே அறையில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பாட்டு கிடையாது, நாயகன் கிடையாது, காட்சி கிடையாது. அவர் விலக்கி வைத்தது இவற்றைத்தான். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்து ஒலித்தன. அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து குழுவின் பேர் வந்தது. சாவு வீட்டு இசை என்று ஒதுக்கியதை மேடையின் நடுவில் வைத்தார்கள். அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு, 2024-ல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். வள்ளியம்மாள் அவர் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே திரும்பியவர். தலைப்பைக் கவனியுங்கள். பாட்டியின் கதை என்று வைக்கவில்லை. பேராண்டி என்று, பாடுகிறவன் தான் யார் வீட்டுப் பிள்ளை என்பதை முதலில் சொல்லிவிடுகிறான். ஊரில் யாராவது 'நீ யார் வீட்டுப் பையன்?' என்று கேட்டால் சொல்கிற பதில் அது.

சரி, கேட்கத் தொடங்குவது எப்படி? பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஆல்பத்தை எடுத்து, வரிசை மாற்றாமல், ஒரே உட்காரலில் கேட்க வேண்டும். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வேண்டவே வேண்டாம். 2021-ல் பாடகி அடெல் வற்புறுத்திய பிறகுதான் ஸ்பாட்டிஃபை ஆல்பப் பக்கத்தின் முதன்மைப் பொத்தானிலிருந்து ஷஃபிளை எடுத்தது. கலைஞர் மாதக்கணக்கில் யோசித்து வைத்த வரிசையைக் கலைப்பது கல்யாண ஆல்பத்தைப் பிரித்துச் சீட்டுக்கட்டு போலக் குலுக்குவதுதான். முதல் தடவை பிடிக்காவிட்டால் ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை. அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டுப்பாருங்கள்: இவர்கள் எதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்? டிரம்ஸ் இல்லையா, கோரஸ் இல்லையா, ஒரே அறையின் ஒலியா, எல்லாப் பாட்டும் ஒரே சுருதியா? அந்த இடத்தில் கதவு திறக்கும்.

இதையெல்லாம் அண்ணன் மகனுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பத்து நாள் கழித்துப் போன் செய்தான். அவனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, நைட் ஷிப்ட். விடிகாலையில் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்ப ஒன்றரை மணி நேரம். ஸ்டுடியோ வாடகை கட்டுப்படியாகவில்லையாம். அதனால் இனி எல்லாவற்றையும் பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே பதிவு செய்வது என்று முடிவு செய்திருக்கிறான். என்ஜின் சத்தத்தை எடுக்கப்போவதில்லை. பக்கத்து சீட்டுக்காரர் குறட்டையும் இருக்கும். ஒரு ஸ்டாப்பில் தொடங்கும் பாட்டு அடுத்த ஸ்டாப்பில் முடிந்துவிட வேண்டும். மொத்தம் ஒன்பது ஸ்டாப், எட்டுப் பாட்டு.

"ஆறு முடிஞ்சுது சித்தப்பா" என்றான். "ஏழாவதுலதான் சிக்கல். நடுவுல ரயில்வே கேட் ஒண்ணு இருக்கு. கேட் திறந்திருந்தா ரெண்டு நிமிஷம், போட்டுட்டான்னா பதினோரு நிமிஷம். எதை வெச்சு மெட்டுப் போடறது?"